கண்ணாடி அக்காவின் குறைச்சீட்டு

விற்கிற பொருளில் என்ன குறை என்று விற்பவனே முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நாளைக்கே ஒரு சட்டம் வந்தால், நான் பேக்கரியை இழுத்துப் பூட்டிவிட்டு மாமனார் ஊருக்கு மாடு மேய்க்கப் போய்விடுவேன். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் பாதிப் பேர் என் பின்னாலேயே வருவார்கள். ஒரே ஒருவர் மட்டும் எதுவும் நடக்காதது போல அவர்பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருப்பார். பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் எனக்குப் பக்கத்துப் பட்டறையில் இருந்த கண்ணாடி அக்கா.

பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் யாராவது கொண்டுபோய்ப் படித்துக் காட்டுவார்கள். "நல்லதை மட்டும் எழுதியிருக்கானே, மீதியை எங்க வெச்சான்?" என்று போன் வரும். இப்போது மகளோடு கடலூரில் இருக்கிறார். அங்கே எந்தக் கடைக்காரன் மாட்டிக்கொண்டு முழிக்கிறானோ.

கண்ணாடி அக்கா என்பது தொழிற்பேட்டை வைத்த பெயர். அதையும் அவர் ஒப்புக்கொண்டதில்லை. "கண்ணாடி இல்ல தம்பி, அக்ரிலிக். பிளாஸ்டிக்குல ஒரு வகை. கண்ணாடின்னு சொல்லி ஊரை ஏமாத்தாதே" என்பார். நான் யாரை ஏமாற்றினேன், எதற்கு ஏமாற்றினேன் என்று ஒருநாளும் விளங்கியதில்லை. ஆனாலும் அவர் சொல்கிற தினுசில் போலீஸ் ஸ்டேஷனில் நிற்பது போல ஆகிவிடும்.

அவர் செய்தது பழைய சின்ன விமானங்களின் முன்பக்கக் கண்ணாடி. இரண்டு பேர், மிஞ்சினால் நான்கு பேர் உட்காரக்கூடிய விமானங்கள். அவற்றை இன்னும் ஆசையாக வைத்து ஓட்டுகிற சிலர் நாட்டில் இருக்கிறார்கள். இன்ஜினை எப்படியாவது தேற்றிவிடுவார்கள், றெக்கைக்குப் புதுத் துணி போட்டுவிடுவார்கள். முன்கண்ணாடி மட்டும் வெயிலில் மஞ்சளாகி, விரிசல் விட்டு, எதிரில் என்ன வருகிறது என்றே தெரியாமல் போயிருக்கும். புதிதாக வாங்கலாம் என்றால் அதைச் செய்தவர்களே இருக்க மாட்டார்கள். அப்புறம் ஒருவர் சொல்லி ஒருவராக விசாரித்துக்கொண்டு, முதுகில் பழைய கண்ணாடியைக் கட்டிக்கொண்டு அக்காவிடம் வருவார்கள்.

அக்கா முத்தியால்பேட்டைக்காரர். அவருடைய அத்தா, அதாவது அப்பா, படங்களுக்கு பிரேம் போடுகிற கடை வைத்திருந்தாராம். அக்கா அக்ரிலிக்கில் பெயர்ப் பலகையும் பள்ளிக்கூடத்துக்குக் கேடயமும் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் ஒருத்தர் உடைந்துபோன விமானக் கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்து, இதேபோல ஒன்று வேண்டும் என்றிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும், "ஜமாய்ச்சிடலாம் சார்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அக்கா சொன்னது: "எனக்கு இது செய்யத் தெரியாதுங்க. மொதல்ல செய்யறது கெட்டுப்போவும். ரெண்டாவதும் கெட்டுப்போவலாம். மூணாவது வேணும்னா காத்துக்கிட்டு இருங்க." அந்த மனிதர் காத்துக்கொண்டிருந்தார். சொன்னபடியே முதல் இரண்டும் கெட்டு, மூன்றாவது பொருந்தியது. அன்றிலிருந்து ஊர் ஊராகப் பேச்சுப் பரவிவிட்டது.

ஒவ்வொரு கண்ணாடியையும் அனுப்புவதற்கு முன்னால் வெயிலில் தூக்கிப் பிடிப்பார். மஞ்சள் மெழுகுப் பென்சிலால் குறை தெரிகிற இடத்திலெல்லாம் வட்டம் போடுவார். அப்புறம் ஒரு தாளில் பட்டியல் எழுதி, பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டுவார். நாங்கள் அதைக் குறைச்சீட்டு என்போம். "இடது ஓரம், கீழேயிருந்து எட்டு சென்டிமீட்டர், குண்டூசி முனை அளவு குமிழ். நடுவில் லேசான அலை. பார்வைக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் இருக்கிறது." எல்லாச் சீட்டிலும் அந்தக் கடைசி வாக்கியம் இருக்கும். அதைப் படித்துவிட்டுப் பொருளைத் திருப்பி அனுப்பியவர் யாரும் கிடையாது. மேலே போகிறவர்களுக்கு உண்மை சொல்கிற ஆள் தேவை போலிருக்கிறது. கீழே இருந்த எங்களுக்குத்தான் தாங்கவில்லை.

ஒருநாள் வில்லியனூர் கடைக்காரர் ஒருவர் பத்துப் பெட்டி ரஸ்க் எடுக்க வந்தார். நல்ல வியாபாரம், நானும் டீயெல்லாம் வரவழைத்துக் குழைந்துகொண்டிருந்தேன். அக்கா ஏதோ ஸ்பேனர் கேட்டு வந்தவர், பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "நேத்து சுட்டதுங்க. ஓரத்து வரிசை கொஞ்சம் கருகிப்போச்சு. நடுவுல இருக்கறதாப் பாத்து எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைக்காரர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

அவர் போனதும் சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் கத்தினேன். "ஏன்க்கா என் பொழப்புல மண்ணைப் போடறீங்க?"

"நான் பொய்யா சொன்னேன்?"

"பொய் சொல்லியிருந்தாப் பரவாயில்லையே! உண்மையச் சொன்னீங்க, அதான்!"

அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த வில்லியனூர்க்காரர் அதற்கப்புறமும் என்னிடம்தான் வாங்கினார். ஒரே ஒரு வித்தியாசம், வண்டியை நேராக அக்கா பட்டறை வாசலில் நிறுத்தி, "இன்னைக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வருவார்.

அக்கா மகளைப் பெண் பார்க்க வந்த கதை இதைவிடப் பெரிது. கடலூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். ஒத்தாசைக்கு என்று போன நான் முன்னறையில் மாப்பிள்ளையின் தகப்பனாரோடு உட்கார்ந்திருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் பேசுவதெல்லாம் எங்களுக்குக் கேட்டது.

"பொண்ணு நல்ல பொண்ணு" என்று அக்கா ஆரம்பித்தார். நானும் நிம்மதியாக சமோசாவை எடுத்தேன். "ஆனா பிரியாணி வராது. காலையில எழுப்பினா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கும். பல்லுக்கு ரெண்டு வருஷம் கம்பி போட்டோம், இருந்தாலும் கீழ்வரிசையில ஒண்ணு சாஞ்சிதான் இருக்குது. சிரிச்சாத் தெரியாது. ஆனா இருக்குது."

திரைக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. பெண் அம்மாவைக் கிள்ளியிருக்க வேண்டும்.  காரியம் கெட்டது, எழுந்து செருப்பைத் தேட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்போது மாப்பிள்ளையின் அம்மா தொண்டையைக் கனைத்தார். "எங்க பையனுக்கு இன்னும் ரெண்டு பேப்பர் அரியர்ஸ் நிக்குதுங்க. வேலையில சேந்தப்ப நாங்க அதைச் சொல்லல. முன்னால முடி கொட்டுது. கோவம் வந்தா சோறு வேணாம்னுட்டு, அப்புறம் யாருக்கும் தெரியாம வந்து சாப்புடுவான்."

எனக்கு எதிரில் இருந்த தகப்பனார் தலையில் கை வைத்துக்கொண்டார். அரைமணி நேரத்தில் அந்த இரண்டு பெண்களும் இரண்டு பிள்ளைகளிடமும் ஒன்றும் மிச்சம் வைக்காமல் பேசி முடித்தார்கள். தேதி குறிப்பது மட்டும்தான் பாக்கி. அந்தத் தம்பதி இன்றைக்கும் ஒற்றுமையாக இருக்கிறார்கள். சண்டை வருவதற்குப் புதிதாகத் தெரிந்துகொள்ள வேறு என்ன இருக்கிறது?

இனி என் அடுப்புக் கதைக்கு வருகிறேன். அதில்தான் நான் மாட்டினேன்.

அக்ரிலிக் ஷீட்டை வளைக்க வேண்டுமென்றால் சூடாக்கி இளக வைக்க வேண்டும். அக்காவிடம் இருந்த அடுப்பு தகரத்தில் அவரே செய்தது. சின்ன ஷீட்டுக்குச் சரி, பெரிய கண்ணாடி அதற்குள் நுழையாது. என் பேக்கரியில் ஆள் உயரத்துக்கு ஒரு அடுப்பு உண்டு. தட்டுகளை அடுக்கிய தள்ளுவண்டியை அப்படியே உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தலாம். உள்ளே காற்றாடி சுற்றிச் சூட்டைச் சமமாகப் பரப்பும். ரஸ்க்கை இரண்டாவது தடவை காய வைக்கிறோமே, ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் அக்ரிலிக்கும் இளகுகிறது என்று அக்கா ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார். அதன் பிறகு பெரிய கண்ணாடி எல்லாம் என் அடுப்பில்தான். தள்ளுவண்டியில் ஷீட்டைத் தொங்கவிட்டுச் சூடேற்றுவோம். ஈரத்துணி பதத்துக்கு இளகியதும் நானும் அக்காவும் அவரிடம் வேலை பார்த்த இரண்டு பெண்களும் உறை போட்ட கையால் நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கி, கம்பளித் துணி சுற்றிய மர அச்சின்மேல் போடுவோம். அரை நிமிஷம் தாமதித்தாலும் விறைத்துவிடும். ஓரங்களைக் கிளிப்பால் கவ்வவைத்து, மேலே போர்வை போர்த்தி, மெதுவாக ஆற விட வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்பது போல அக்கா அந்தப் போர்வையை அடிக்கடி தொட்டுப் பார்ப்பார்.

முதல் தடவை சூடேற்றிய அன்று அக்கா என் கல்லா பக்கத்திலேயே நின்றுகொண்டு, வருகிறவர்களிடமெல்லாம், "இன்னைக்கு பன்னுல பிளாஸ்டிக் வாசனை வரலாம். இவன் மேல தப்பு இல்ல, என் வேலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றைக்கு பன் பூராவும் எங்கள் வீட்டில்தான் தீர்ந்தது.

ஆனால் எனக்குப் பெருமை பிடிபடவில்லை, அதை ஒளிப்பானேன். என் அடுப்பில் வெந்த கண்ணாடி ஆகாயத்தில் பறக்கிறது! சொந்தக்காரன் ஒருத்தன் விடாமல் சொல்லிவிட்டேன். முக்கியமாக மாமனாரிடம். அவர் நெல்லும் கரும்பும் போடுகிற மனுஷர். பெண்ணை பன் விற்கிறவனுக்குக் கொடுத்துவிட்டோமே என்ற வருத்தம் அவர் மீசையில் பல வருஷமாக ஒட்டிக்கொண்டிருந்தது. போனில் விமான விஷயத்தைச் சொன்னதும், "நேர்ல வந்து பாக்கறேன் மாப்ள" என்றார். அந்த ஆடி மாதம், வீராம்பட்டினம் தேருக்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டார்.

அதே வாரத்தில்தான் கேப்டனின் கண்ணாடி.

கேப்டன் எழுபதைத் தாண்டியவர். லாஸ்பேட்டை ஏரோட்ரோமில் ஒரு பழைய விமானத்தை வைத்திருந்தார். முன்னால் ஒருவரும் அவர் முதுகுக்குப் பின்னால் ஒருவரும் உட்காரலாம், அவ்வளவுதான். அவருடைய மனைவியை எல்லோரும் மதாம் என்போம். பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த டீச்சர். நாற்பது வருஷமாகக் கேப்டன் அவரைக் கூட வந்து ஒருதரம் பறக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார். மதாமுக்குப் பயம். முடியாது என்று சொல்லவும் மனசில்லாமல், "அந்த விரிசல் கண்ணாடிய மாத்துங்க, அப்புறம் ஏறறேன்" என்று சொல்லி வைத்திருந்தார். இவர் எங்கே மாற்றப்போகிறார் என்ற தைரியம்தான். இப்போது மாற்றக் கொடுத்துவிட்டார். ஏனென்றால் அவருடைய உடல்தகுதிச் சான்றிதழ் தேருக்கு மறுநாள் சனிக்கிழமையோடு முடிகிறது. இனிமேல் புதுப்பிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தேர் நாளான வெள்ளிக்கிழமை காலையில் மதாமோடு பறக்க வேண்டும், விட்டால் ஜென்மத்துக்கும் இல்லை. 

தேருக்கு முந்தின சனிக்கிழமை காலையில் தேர் வியாபாரத்துக்கு ஓமம் போட்ட உப்பு பிஸ்கட் சுட்டு முடித்தேன். மத்தியானம் அக்கா ஷீட்டோடு வந்தார். "அடுப்பை உள்ள சுத்தமாத் தொடச்சிட்டியா?"

"தொடச்சாச்சுக்கா."

கண்ணுக்குத் தெரிகிற தரையை மட்டும்தான் துடைத்திருந்தேன். காற்றாடியின் வலைக்குப் பின்னால் கை விடவில்லை. மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி மருமகன் கையில் கந்தலோடு அடுப்புக்குள் தலையை விடுவதா? சூடேற்றினோம், தூக்கினோம், அச்சில் போட்டோம், போர்த்தினோம். மாமனார் எழுந்து நின்று பார்த்தார். நான் தரையில் நிற்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் கேப்டனும் வந்தார். அக்கா போர்வையை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றி வெயிலில் பிடித்தார். மெழுகுப் பென்சில் ஓரமாக ஊர்ந்து வந்து, நடுவில் நின்றுவிட்டது. ஓட்டுகிறவருடைய கண்ணுக்கு நேர் எதிரில் ஒரு சின்னப் பொட்டு. அக்கா நகத்தால் சுரண்டினார். வரவில்லை. உள்ளே பதிந்திருந்தது.

என் மாமனார் குனிந்து பார்த்தார். விவசாயி அல்லவா, விதையைத் தெரியாதா. "இது ஓமமாச்சே!" என்றார், ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

எனக்குப் புரிந்துவிட்டது. காற்றாடிதான் அடித்துக் கொண்டுவந்து இளகின ஷீட்டில் ஒட்டியிருக்கிறது. என் பேக்கரியிலிருந்து ஓம பிஸ்கட் வாசனை அந்த நிமிஷமும் வந்துகொண்டிருந்தது. குறையைச் சொல்லாமல் விடுகிற ஜென்மமா அக்கா? மாமனார் முன்னால், கேப்டன் முன்னால், சாயம் வெளுக்கப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"என் தப்புதான் சார்" என்றார் அக்கா. "அன்னைக்கு எனக்கு வயித்து வலி. ஓமம் மென்னுக்கிட்டு இருந்தேன். வாயிலேருந்து விழுந்திருக்கும்."

அது ரம்ஜான் நோன்பு மாதம். அக்கா பகலில் எச்சில்கூட விழுங்காதவர். பொய் சொல்லிப் பழக்கமும் இல்லாததால், வயிற்று வலி என்று சொல்லும்போது தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. கேப்டன் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இப்ப வயித்து வலி எப்படிம்மா இருக்கு?"

"இருக்குது சார். கொஞ்சம்."

நான் வாயைத் திறக்கவில்லை. மாமனார் என் முதுகில் தட்டி, "நல்லவேளை மாப்ள, உங்க அடுப்பு மேல பழி வரல" என்றார். அப்போதும் திறக்கவில்லை.

இந்தக் கண்ணாடியோடு பறக்க எந்த இன்ஜினீயரும் கையெழுத்துப் போட மாட்டார், வேறு செய்துதான் ஆக வேண்டும் என்று கேப்டன் சொல்லிவிட்டுப் போனார். சென்னையிலிருந்து ஷீட் வரப் புதன்கிழமை ஆகும். அன்றே வளைத்து, வியாழக்கிழமை மாட்டினால்தான் வெள்ளிக்கிழமை பறக்க முடியும்.

எல்லோரும் போன பிறகு அக்காவிடம் போனேன். "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"உங்க மாமனார் பக்கத்துல நின்னாரு. நீ ரெண்டு நாளா ஏரோப்பிளேன் ஏரோப்பிளேன்னு குதிச்சிக்கிட்டு இருந்தே. வாய் வரல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நோன்பு வெச்சிக்கிட்டுப் பொய் சொல்லிட்டேன். அதை நான் பாத்துக்கறேன். நீ நாளைக்கே அடுப்பை அணைச்சிரு. நல்லா ஆறட்டும். உள்ள பூரா கழுவணும்."

அடுப்பை அணைப்பதா! செவ்வாயும் புதனும்தான் தேர்க் கூட்டத்துக்கு பன் போடுகிற நாள். வருஷத்திலேயே பெரிய வியாபாரம். "பாக்கலாம்க்கா" என்றேன். எனக்காக ஒரு பெண்பிள்ளை நோன்பும் அதுவுமாகப் பொய் சொல்லி நிற்கிறார், நான் பாக்கலாம் என்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் கேப்டன் மறுபடி வந்தார். கையில் ஒரு பாட்டில். அக்கா என் பேக்கரி வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார், அடுப்பு எப்போது அணையும் என்று கேட்டுக்கொண்டு. மாமனார் அதே நாற்காலியில்.

"ஓமத் தண்ணிம்மா. மதாம் காய்ச்சிக் குடுத்தாங்க. என் எதிரிலயே குடிச்சிடுங்க. நீங்க வலியோட வேலை செஞ்சா எனக்கு மனசு கேக்காது."

"அப்புறம் குடிக்கறேன் சார்."

"இப்பவே குடிங்க. வலி இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அக்கா பாட்டிலை வாங்கினார். அதைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டும், நோன்பையும் காப்பாற்ற வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்கிற காரியமா? மூடியைத் திருகினார்.

"சார்! அந்த ஓமம் என்னுது சார்!" என்று நான் கத்தினேன். தெருவில் போன மாவு மூட்டைக்காரன்கூட நின்றுவிட்டான். "நான்தான் அடுப்பைச் சரியாத் தொடைக்கல. தொடச்சேன்னு அக்காகிட்ட பொய் சொன்னேன். அவங்களுக்கு வயித்து வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. குடிக்கச் சொல்லாதீங்க, நோன்பு சார்!"

கேப்டன் அக்கா கையிலிருந்து பாட்டிலை மெதுவாக வாங்கி மூடியை இறுக்கினார். "திங்கட்கிழமையே தெரியும் தம்பி. நோன்பு மாசத்துல பட்டப்பகல்ல ஓமம் மெல்றவங்களா இவங்க? அதுவும் தோள்பட்டையில வயித்து வலி! நீ எப்ப சொல்லுவேன்னுதான் பாத்தேன். வாய் கிட்ட கொண்டுபோயிருந்தா நானே புடுங்கியிருப்பேன்."

மாமனார் நாற்காலியிலிருந்து, "அதானே பாத்தேன்" என்றார்.

அக்கா ஒரு பெருமூச்சு விட்டார். விட்டதும் பழைய அக்கா ஆகிவிட்டார். "காத்தாடிக்குப் பின்னால அஞ்சு வருஷத்துத் தூள் இருக்குது சார், நான் எட்டிப் பாத்துட்டேன். கதவு ரப்பரும் பிஞ்சிருக்குது. மாவு சலிக்கறதும் சுமார்தான். பையன் மோசமில்ல. ஆனா இதெல்லாம் இருக்குது."

அந்த நிமிஷமே அடுப்பை அணைத்தேன். சாயங்காலம் ஆறியதும் காற்றாடியைக் கழற்றினேன். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வைக்கோல் பிரியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மாட்டைக் குளிப்பாட்டுகிற மனுஷர், விட்டுவிடுவாரா? அடுப்பின் சந்து பொந்தெல்லாம் தேய்த்தார். "தப்பை ஒத்துக்கினீங்க மாப்ள, அது போதும்" என்று அடுப்புக்குள்ளிருந்தே சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. சோடா உப்பு பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பன் கேட்டு வந்த வியாபாரிகளுக்குப் பதில் சொல்லும் வேலையை அக்கா எடுத்துக்கொண்டார். "அடுப்பை ஒழுங்காக் கழுவாம ஓமம் ஒட்டிப்போச்சுங்க. அதான் இந்தத் தேருக்கு பன்னு கிடையாது." முத்தியால்பேட்டையிலிருந்து வீராம்பட்டினம் வரை அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது.

புதன்கிழமை இரண்டாவது கண்ணாடி வளைந்தது. வியாழக்கிழமை ஏரோட்ரோமில் மாட்டினோம். ஸ்குரூவைவிட ஓட்டை கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும், வெயிலில் அக்ரிலிக் விரியும் என்று சொல்லிக்கொண்டே அக்கா ஒவ்வொன்றாகத் துளை போட்டார். இறுக்கவும் விடவில்லை, தளர்த்தவும் விடவில்லை. என் கையைத் தட்டித் தட்டியே சிவக்க வைத்துவிட்டார். கடைசியில் ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றித் தேடி, "மேலே வலது ஓரம், மயிரிழை அளவு கோடு. பார்வைக்கு இடைஞ்சல் இல்லை. ஆனால் இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தார். இன்ஜினீயர் அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆனது. அப்புறம் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. கேப்டன் சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்தார். மதாம் கையில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டிருந்தார். விமானத்தில் ஏற்றுவதற்குள் நாங்கள் பட்ட பாடு தனி. ஒருவழியாகக் கேப்டனுக்குப் பின்னால் உட்கார வைத்தோம். இன்ஜின் உறுமியது, ஓடியது, தரையை விட்டது. நான் கைதட்டினேன். அக்கா தட்டவில்லை. விமானம் கடல் பக்கம் திரும்பிக் கண்ணுக்கு மறைகிற வரை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

அரைமணி நேரம் கழித்து வந்து இறங்கினார்கள். கேப்டன் இன்ஜின் பக்கம் ஏதோ பார்த்துக்கொண்டிருக்க, மதாம் நேராக அக்காவிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் பக்கத்திலேயே நின்றேன்.

"கண்ணைத் தொறக்கவே இல்லம்மா" என்றார் மதாம், ரகசியமாக. "ஏறினதுலேருந்து எறங்கற வரைக்கும். அவர்கிட்ட சொல்லிடாதே. நாப்பது வருஷமாக் கூப்பிட்டுக்கிட்டு இருந்தாரு."

சொல்லிவிட்டு அவர் தண்ணீர் குடிக்கப் போனார். எனக்குப் பகீரென்றது. ஊரில் இத்தனை பேர் இருக்க, போயும் போயும் இந்த வாயிலா ரகசியத்தைப் போட வேண்டும்? அதற்குள் கேப்டன் வேகமாக வந்துவிட்டார். சின்னப் பையன் மாதிரி முகம் மலர்ந்திருந்தது.

"என்னம்மா சொன்னாங்க மதாம்? வீராம்பட்டினத்துக்கு மேல தேரைக் காட்டினேன். கத்திக் கத்திச் சொன்னேன், சத்தத்துல கேட்டுச்சோ இல்லியோ. பாத்தாங்களா?"

அக்கா கேப்டனை நேராகப் பார்த்தார். 

"பாத்தாங்களாம் சார். தேர் சின்னதாத் தெரிஞ்சுதாம். வடம் புடிக்கற ஜனம் ரெண்டு வரிசையா எறும்பு மாதிரி ஊர்ந்துச்சாம். கண்ணாடியில ஒரு குறையும் தெரியலியாம்."

இந்தத் தடவை கை தோள்பட்டைக்குப் போகவில்லை. நெற்றியில் ஒரு துளி வேர்வை இல்லை. கேப்டன் தலையை ஆட்டினார்.  கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைத் தேடிப் போனார். தண்ணீர்ப் பானை பக்கத்தில் இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு நின்றதை நாங்கள் பார்த்தோம்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "அந்தம்மா சொன்னது உன் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுக்கா."

"விழலன்னு சொல்லு."

"விழலக்கா" என்றேன்.